யாருடைய இடது?

கேப்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பிறக்கும்போதே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்த மனிதர். படகுத் துறையில் அவருடைய டீ ஒரு மூலையில் ஆறிக்கொண்டிருக்கும். அவர் இன்னொரு மூலையில் யாருடைய கயிற்றையாவது அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருப்பார். உடம்போ பெரிய உடம்பு. அதைத் தூக்கிக்கொண்டு இந்த ஓட்டம் ஓடுகிறாரே என்று பார்ப்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். 'கேப்டன்' என்பது எந்தக் கப்பலும் கொடுத்த பட்டம் இல்லை. துறையில் யாரோ கிண்டலுக்கு வைத்தது. அவர் கிண்டலைத் தள்ளுபடி செய்துவிட்டுப் பட்டத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அன்றைய தவிப்பு வேறு ரகம். படகு தண்ணீரில் இல்லை. பழுது பார்க்கும் கொட்டகையில், டிரெய்லர் வண்டியின் மேல், கரையேறிய மீன் மாதிரி உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் பெரிய சிஸ்டர் வரப்போகிறார்.

பெரிய சிஸ்டர் என்பவர் எதிர்த் தீவில் இருக்கும் சின்ன மருத்துவமனையின் தலைமை நர்ஸ். இக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்தவர்களை வாராவாரம் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு படகு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். நிலையான வேலை. மழையோ வெயிலோ, சுற்றுலாக்காரன் வந்தாலும் வராவிட்டாலும், நோயாளி வருவான். போன வாரம் கேப்டனின் படகில் ஏறிப் பார்த்தார். படகு வேகம் எடுத்ததும் மூக்கை வானத்துக்குத் தூக்கிற்று. பிறகு ஒவ்வொரு அலையிலும் அந்த மூக்கைத் தொப்பென்று போட்டது. போதாததற்கு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே ஓடியது. சிஸ்டர் கரையில் இறங்கித் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பிளாஸ்க்ல இருந்து ஒரு வாய் டீ குடிக்கலாம்னு பார்த்தேன். வாய்க்கு வரல, மூக்குக்கு வந்துச்சு. வயித்துல தையல் போட்டவங்களை இதுல ஏத்தினா, கரை சேரும்போது நூல் தனியா, ஆள் தனியா இறங்குவாங்க. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. இன்னொரு வாட்டி வந்து பார்க்குறேன். அதுவும் சரிப்படலேன்னா கூலிங்கிளாஸ்கிட்ட பேசிடுவேன்."

கூலிங்கிளாஸ் என்பவன் பக்கத்துப் படகுக்காரன். இருட்டினாலும் கண்ணாடியைக் கழற்றாதவன்.

வேலை கூலிங்கிளாஸுக்குப் போனால் படகை விற்றுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. விற்ற பிறகு என்ன என்பதும் முடிவாகிவிட்டது. கேப்டனுடைய அண்ணன் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மெத்தை போட்டது, கை வைத்தது, காற்றாடிக்கு நேர் கீழே இருப்பது. "வந்து உட்காருடா, வேற ஒண்ணும் செய்ய வேணாம், உட்கார்ந்தா போதும்" என்று அண்ணன் பாசத்தோடு சொல்லியிருந்தார். கேப்டன் தூக்கத்தில் அந்த நாற்காலியைக் கண்டு இரண்டு முறை அலறி எழுந்திருக்கிறார்.

படகின் நோய்க்கு மருந்து ட்ரிம் டேப். அதைப் பெரிய மாயம் என்று நினைக்க வேண்டாம். பாடப் புத்தக அகலத்தில் இரண்டு எவர்சில்வர் தகடுகள். படகின் பின்சுவரில், அடி விளிம்பை ஒட்டி, எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கதவு போலக் கீலில் ஆடும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மோட்டார் கை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கை நீண்டு தகட்டைக் கீழே தள்ளும்; பொத்தானின் மேல்பாதியை அழுத்தினால் சுருங்கி மேலே இழுத்துக்கொள்ளும். ஓடும் தண்ணீர் தகட்டில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கும். மூக்கு தானாக இறங்கும். ஒரு பக்கத் தகட்டை மட்டும் இறக்கினால் அந்தப் பக்கம் மட்டும் எழும்பும். கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் யாரும் பார்க்காமல் விரலைக் கொடுத்துத் தூக்குவானே, அதே வித்தைதான். என்ன, இங்கே விரலைக் கொடுப்பது தண்ணீர்.

மருந்து கைக்கு வந்துவிட்டது. வைத்தியர்தான் சிக்கல்.

அந்த வட்டாரத்தில் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒரு மெக்கானிக். அவர் கேப்டனுடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டு மாதக்கணக்கில் ஆகிறது.

காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்ததுதான் காரணம். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த ஒரு நாள், சாப்பிட்டு முடித்த சோம்பலில், "ஏன் கேப்டன், உங்க படகு எப்பப் பார்த்தாலும் ஒரு பக்கமாச் சாயுதே?" என்று யாரோ கேட்டார்கள். கேப்டன் அடிப்பாகத்தின் வளைவு, எஞ்சினின் முறுக்கு, கடல் நீரோட்டம் என்று விரிவாக ஒரு விளக்கத்தைத் தொடங்கினார். மச்சான் பல் குத்திக்கொண்டே, "படகு எங்க சாயுது? ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கு, மாப்ளே அங்க உட்கார்றாரு. படகு பாவம், மரியாதை கொடுக்குது" என்றார். கூடம் அதிர்ந்தது. சின்னக் குழந்தைகள்கூடப் புரியாமலே சிரித்தன. கேப்டன் அன்று மூக்கைத் தூக்கியவர்தான். அவர் படகைப் போலவே, இறக்கத் தெரியவில்லை.

அவருக்கு உறுத்தியது கிண்டல் இல்லை. கிண்டலைத் தள்ளுபடி செய்ய அவருக்குத் தெரியும். அது உண்மையாக இருந்ததுதான் உறுத்தல்.

ஆக, அன்று காலையிலிருந்து கொட்டகையில் வேலை நடந்தது இப்படி: மச்சான் படகுக்குப் பின்னால் தரையில். கேப்டன் படகுக்கு மேலே, அல்லது கீழே, அல்லது சுற்றிலும். நடுவில் கேப்டனுடைய மனைவி. இரண்டு நாட்டுக்கும் அவள்தான் தூதரகம்.

"உங்க அண்ணன்கிட்ட கேளு, இன்னும் எவ்வளவு நேரம் மல்லாந்து கிடந்து அழகு பார்க்கப் போறாருன்னு."

அவள் பின்பக்கம் திரும்பி, "அண்ணே, சிரமமா இருக்கா, ஏதாச்சும் ஒத்தாசை வேணுமான்னு கேக்குறாரு" என்றாள்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, அவசரத்துல துளை போட்டா படகுக்குத் தண்ணி குடிக்கிற பழக்கம் வந்துடும். அப்புறம் படகையும் அவனையும் ஒண்ணா வைத்தியத்துக்கு அனுப்பணும்னு."

அவள் முன்பக்கம் திரும்பினாள். "நிதானமாப் பண்ணினாத்தான் நமக்கு நல்லதாம்."

அசலும் இரண்டு பேர் காதிலும் விழுந்தது, அவள் கொடுத்த மறுபதிப்பும் விழுந்தது. மறுபதிப்பை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வது என்று சொல்லாமலே ஓர் ஒப்பந்தம். தரகர் இல்லாமல் சரக்கு கைமாறாத சந்தை அது.

மச்சானின் கையில் நிதானம் இருந்தது என்பதைக் கேப்டனால் மறுக்க முடியவில்லை; அதனால் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியாமல் பார்த்தார். மச்சான் ஒரு நீளமான இரும்புப் பட்டையைப் படகின் அடியோடு ஒட்டிப் பிடித்து, தகடு அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்குமாறு பென்சிலால் குறித்தார். துளை போடும் இடத்தில் எல்லாம் காகித டேப்பை ஒட்டினார். டிரில்லை முதலில் எதிர்ச் சுற்றில் ஓடவிட்டு மேல்பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, அப்புறம்தான் நேர்ச் சுற்றில் உள்ளே இறக்கினார். நேராக இறக்கினால் பளபளப்புப் பூச்சு முட்டை ஓடு மாதிரி விரிசல் விட்டுவிடும். ஒவ்வொரு துளையிலும் கறுப்புப் பசையை நிரப்பி, ஸ்க்ரூவை முறுக்கி, பிதுங்கியதை விரலால் வழித்துச் சட்டையில் துடைத்தார். சட்டை அவருடைய பல வருட வேலைக்கு ரசீது மாதிரி இருந்தது.

தகடுகள் இரண்டும் நின்றன. அடுத்தது வயர்.

பின்சுவரில் போட்ட துளைகள் வழியாக இரண்டு மோட்டாரின் வயர்களையும் மச்சான் வெளியே இருந்து உள்ளே தள்ளினார். உள்ளே, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் குறுகலான அறையில், தூதரகம் மண்டியிட்டுப் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கேப்டனின் உடம்பு அந்த அறைக்குள் போகாது. போகாது என்று மச்சான் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து இருமினார், அவ்வளவுதான்.

இரண்டு வயரும் ஒரே நிறம், ஒரே தடிமன். இரட்டைப் பிள்ளைகள்.

"இடது வயருக்குச் சிவப்பு டேப் சுத்தி, உன் வீட்டுக்காரன்கிட்ட நீட்டு" என்றார் மச்சான் வெளியே இருந்து.

அவள் சுற்றினாள். நீட்டினாள். "இது இடதாம்."

"சிவப்பு இடது. சரி" என்று சொல்லிக் கேப்டன் சிவப்பு டேப் வயரை இடப்பக்கப் பொத்தானில் மாட்டினார், மற்றதை வலப்பக்கத்தில். கை பரபரத்தது. கொட்டகைத் தகரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாட்டி முடித்ததும் இரண்டு பொத்தானையும் இரண்டு கட்டை விரலாலும் ஒரே அமுக்காக அமுக்கினார். பின்னால் உர்ர் என்று சத்தம் வந்தது.

"இறங்குதான்னு கேளு!"

"ரெண்டும் இறங்குது" என்றார் மச்சான். "ஒண்ணொண்ணா அழுத்தச் சொல்லு. தனித்தனியாப் பார்க்கணும்."

"ஒண்ணொண்ணா அழுத்துங்க" என்றாள் அவள்.

"ரெண்டும் இறங்கும்போது ஒண்ணு இறங்காதா? உங்க அண்ணனுக்குக் கணக்கே தெரியாது."

இதை அவள் எப்படி மொழிபெயர்ப்பது என்று ஒரு நொடி யோசித்தாள். காலையிலிருந்து முன்னும் பின்னும் திரும்பிக் கழுத்து வலித்தது. "பார்த்தாச்சாம், அண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்தது பசை. பசை காய வேண்டும்.

கேப்டனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் கிடையாது. ஓடிப்போய்ச் செய்ய எதுவும் இல்லை, தூக்க எதுவும் இல்லை, திட்டுவதற்குக்கூட முறையாக யாரும் இல்லை. ஒரு கறுப்புக் கோடு தன் இஷ்டத்துக்குக் காய்ந்துகொண்டிருக்கும். மனிதன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"எப்பத் தண்ணியில இறக்கலாம்னு கேளு."

"நாளைக்குக் காலைல" என்றார் மச்சான்.

"சாயங்காலம் சிஸ்டர் வர்றாங்கன்னு தெரியுமில்ல? மத்தியானமே இறக்கணும்னு சொல்லு."

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்லு."

"மூணு மணி டீயோட முடிச்சுக்கலாம்னு சொல்லு. கடைசி விலை."

"பசையை என்ன நான் வீட்டுல சமைச்சேனா, தீயைக் கூட்டி வைக்கிறதுக்கு? வெயில் சாயட்டும். இது தண்ணிக்குள்ளயும் காயுற பசைதான், ஆனா மேல தோல் பிடிக்கணும். அதுக்குக் கீழ ஒரு நிமிஷம் குறைக்க முடியாது."

"வெயில் சாயட்டும்" என்றாள் அவள். இந்த முறை மறுபதிப்பில் திருத்தம் இல்லை.

பேரம் படிந்தது. கேப்டன் கொட்டகையைச் சுற்றி வந்தார். கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணெய்க் கறை வாரியாக அடுக்கினார். பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தார். யாரும் பார்க்காதபோது பின்பக்கம் போய்ப் பசையை ஒற்றை விரலால் தொட்டார். விரல் கறுத்தது. சட்டையில் துடைத்தார். மறுபடி தொட்டார். மச்சான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, தங்கையிடம், "அந்த இடத்துல அஞ்சு விரல் ரேகையும் பதிஞ்சாச்சு. போலீஸ் வந்தா சுலபமாப் பிடிச்சுடலாம்" என்றார்.

கேப்டனுடைய கண் சாலைப் பக்கமே இருந்தது. அந்தச் சாலையில்தான் கூலிங்கிளாஸ், வேலை எதுவும் இல்லாமல், மூன்று முறை கடந்து போனான். நாற்காலியின் மெத்தை கேப்டனுடைய முதுகில் சூடாக ஒட்டுவது போல இருந்தது.

வெயில் சாய்வதற்கு முன்பே சிஸ்டர் வந்துவிட்டார். ஒல்லியான உருவம், தோளில் கனமான பை, கக்கத்தில் பிளாஸ்க். "ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிஞ்சுடுச்சு, வந்துட்டேன். கிளம்பலாமா?"

கேப்டன் மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பசையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, வேண்டா வெறுப்பாகத் தலையசைத்தார்.

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மச்சான் கருவிப் பையோடு ஏறிப் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஓட்டத்துக்கு மெக்கானிக் கூட வர வேண்டும் என்பது தொழில் முறை. அதைக் கேப்டனும் ஒப்புக்கொண்டார். சிஸ்டர் இடப்பக்க இருக்கையில். கேப்டன் வழக்கம்போல வலப்பக்கம், ஸ்டீயரிங்கில்.

"நீயும் ஏறு" என்றார் மனைவியிடம்.

"நான் வரல."

"ஏறுன்னு சொல்றேன் இல்ல?"

"காலைல இருந்து ரெண்டு பேர் பேச்சையும் நான்தான் பேசியிருக்கேன். எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இனிமே கடல் பாடு, உங்க பாடு." அவள் கரைக் கட்டையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

படகு நகர்ந்தது. துறை வாயைத் தாண்டி வேகத்தைக் கூட்டினார். படகு வழக்கப்படி மூக்கைத் தூக்கியது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். பின்னால் உர்ர். என்ன ஆச்சரியம், அத்தனை நாள் திமிராக நிமிர்ந்து நின்ற மூக்கு, வட்டிக்காரனைத் தூரத்தில் கண்ட ஆள் போல மெல்லத் தலை குனிந்தது. எதிரே கடல் முழுசாகத் தெரிந்தது. அலைகள் அடியில் சரசரவென்று ஓடின; அடிக்கவில்லை.

"அட" என்றார் சிஸ்டர். அவர் கை பிளாஸ்க்கின் மூடிக்குப் போயிற்று.

கேப்டனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் படகு இன்னும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையும் சரி செய்துவிட்டால் தீர்ந்தது. தாழ்ந்த பக்கத்துத் தகட்டை இறக்கினால் தாழ்ந்த பக்கம் எழும்பும். வலப்பக்கப் பொத்தானை அழுத்தினார்.

படகு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது.

போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். கேப்டன் எதையும் பாதி அழுத்திப் பழகியவர் இல்லை. மறுபடி அழுத்தினார், அழுத்தியபடியே பிடித்தார். படகு இன்னும் சாய்ந்தது. சிஸ்டரின் பை இருக்கையிலிருந்து வழுக்கிக் கேப்டனின் காலில் வந்து விழுந்தது. சிஸ்டர் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பிளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டார்.

பின்னால் மச்சான் எழுந்து நின்று சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கேப்டன் அழுத்துவது வலது. நீளுவது இடப்பக்கத்துக் கை. அவர் வாயைத் திறந்தார். பழக்கம் குறுக்கே வந்தது. "சிஸ்டர்! அவர்கிட்ட சொல்லுங்க, கையை எடுக்கச் சொல்லுங்க!"

"யாருகிட்ட?" என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர், அவர்கிட்ட கேளுங்க, எதுக்கு எடுக்கணும்னு!" என்றார் கேப்டன், பொத்தானை விடாமல்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருக்கு! என்னை எதுக்குத் தபால்காரி ஆக்குறீங்க?"

அதற்குள் பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. பெரிய அலை இல்லை, சாதாரண அலை. ஆனால் சாய்ந்து நிற்பவனைத் தள்ள ஒரு விரல் போதும். வலப்பக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டது. பச்சை நீர் ஒரு வாளி அளவு உள்ளே கொட்டிக் கேப்டனுடைய மடியை நனைத்தது. சிஸ்டர் இருக்கையிலிருந்து வழுக்கி வந்து அவர் தோளில் மோதினார்.

"மாப்ளே!" மச்சானின் குரல் எஞ்சினைத் தாண்டி வந்தது. "வேகத்தைக் குறை! வயர் மாறிப்போச்சுடா, பொத்தானை விடு!"

மாதக்கணக்காக அந்த வாயிலிருந்து நேராக வராத வார்த்தை. கேப்டனின் கை அவரைக் கேட்காமலே கீழ்ப்படிந்தது. வேகம் இறங்கியது. தண்ணீர் ஓடாவிட்டால் தகட்டுக்குப் பலம் இல்லை. படகு முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றது. எஞ்சின் மெதுவாக முனகியது. மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள்.

"எப்படி மச்சான் மாறும்? சிவப்பு இடது. அவளே சொன்னா."

"எந்த இடது?"

"இடதுன்னா இடது."

"நான் வெளிய இருந்து மூக்கைப் பார்த்து நின்னேன். நீயும் மூக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தே. நம்ம ரெண்டு பேர் இடதும் ஒண்ணு. அவ என்னைப் பார்த்துல்ல மண்டி போட்டிருந்தா? அவ இடது நமக்கு வலது." மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "நான் உன்கிட்ட நேராச் சொல்லியிருந்தா மாறியிருக்காது."

"ஒண்ணொண்ணா அழுத்தியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார் கேப்டன். சொன்ன பிறகுதான் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. ஈர வேட்டி தொடையில் ஒட்டிச் சில்லென்றது.

சிஸ்டர் பையை எடுத்து உதறினார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வயர் மாறினது இன்னைக்கு. போன வாரமும் இதே வலப்பக்கம்தான் சாஞ்சுது. அது ஏன்?"

மச்சான் எஞ்சினைப் பார்த்தார். எஞ்சினில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் விடாமல் பார்த்தார். பதில் அவரிடம் தயாராக இருந்தது. ஒரு கூடத்தையே சிரிக்க வைத்த பதில். இப்போது அதை எடுத்து வைத்தால் தங்கையின் வீட்டுப் படகு விலைக்குப் போகும்.

கேப்டன் கடலின் வளைவைப் பார்த்தார். நீரோட்டம், முறுக்கு, அடிப்பாகம், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. இந்த அம்மாள் மூக்கில் டீ வாங்கியவர். இவரிடம் போலிச் சரக்கு விலை போகாது.

"நான்தான் சிஸ்டர்" என்றார். "ஸ்டீயரிங் வலப்பக்கம். அங்க நான் உட்கார்றேன். படகு பாவம், மரியாதை கொடுக்குது."

பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது. மச்சான் சிரிக்காமல் இருக்க எடுத்த முயற்சி தும்மலாக வெளியே வந்திருந்தது. சிஸ்டர் கேப்டனை மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்த்தார், நோயாளியின் எடையைக் கண்ணாலேயே போடுகிறவர்களின் பார்வை. "சரி. கோளாறு என்னன்னு தெரிஞ்சா வைத்தியம் பண்ணலாம். ஓட்டுங்க, பார்ப்போம்."

"மாப்ளே, முதல்ல ரெண்டு தகட்டையும் மேல இழு. இப்போதைக்கு எல்லாமே தலைகீழ். வலப்பக்கம் எழும்பணும்னா இடது பொத்தானைத் தட்டு. தட்டு, அமுக்காத. நான் போதும்னா நிறுத்து."

கேப்டன் வேகத்தைக் கூட்டி, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். மூக்கு குனிந்தது. இடது பொத்தானைத் தட்டினார். "இன்னும்" என்றார் மச்சான். தட்டினார். "இன்னும். உன் உடம்புக்கு இது எந்த மூலைக்கு? இன்னும்!" தட்டினார். "போதும். தொடாத."

படகு சமமாக நின்றது. கேப்டனுக்கு முதலில் புரியவில்லை. இத்தனை வருடம் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்த படம் போலத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது யாரோ வந்து ஆணியில் நேராக மாட்டிவிட்டுப் போனது போல் இருந்தது.

எதிரே கூலிங்கிளாஸின் படகு வந்தது. வேண்டுமென்றே பக்கத்தில் உரசினாற் போல் ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் அலைகளை வாரி இறைத்துவிட்டுப் போனான். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அலைகளுக்குள் நுழைந்தார். சிஸ்டர் அந்த நேரம் பார்த்து பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றினார். கேப்டன் முன்னால் பார்ப்பதா, பக்கத்தில் பார்ப்பதா என்று தவித்தார். படகு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சிஸ்டர் குடித்தார். மூடியைக் கவிழ்த்து உதறினார். வெள்ளை உடுப்பில் ஒரு சொட்டு இல்லை.

"டீ ஆறிப்போச்சு" என்றார். "திரும்பலாம்."

அவ்வளவுதான் சொன்னார். கரை வரும்வரை கேப்டனின் குதிகால் படகின் தரையில் தந்தி அடித்துக்கொண்டே இருந்தது.

துறையில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் திரும்பினார். "வயரை முறைப்படி மாத்துங்க. ஒண்ணொண்ணா அழுத்திப் பார்த்து எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, ரெண்டு பேரும் சொல்லணும். திங்கக்கிழமை காலைல முதல் ஆள் இருக்காரு, குடலிறக்கம்." பிறகு பின்னால் கையைக் காட்டினார். "இவரும் கூட வருவாரா?"

"முதல் கொஞ்ச நாள் வர்றேன்" என்றார் மச்சான்.

"வாங்க. இடப்பக்கமா உட்காருங்க."

சிஸ்டர் போன பிறகு கேப்டன் துறைப் பலகையில் முன்னும் பின்னும் நடந்தார். சந்தோஷமும் அவரை உட்கார விடவில்லை. இரும்புக் கடையின் நாற்காலியில் இனி வேறு யாராவது, உட்காரப் பிறந்தவனாகப் பார்த்து, உட்காரட்டும்.

படகு மறுபடி டிரெய்லரில் ஏறிக் கொட்டகைக்குள் போயிற்று. பின்னறைக்குள் இந்த முறை மச்சானே நுழைந்தார், பின்சுவரைப் பார்த்து மண்டியிட்டு. ஸ்டீயரிங்கில் கேப்டன்.

"மாப்ளே, இடது வயரைக் கழட்டி நீட்டு."

"யாரோட இடது?"

"என்னோட இடது!"

"உன் இடது இப்ப என் வலது. அதைத்தானே காலைல இருந்து..."

"அப்ப உன் வலதை நீட்டுடா!"

"நீ முதல்ல இந்தப் பக்கம் திரும்பி உட்காரு!"

"திரும்பினா வயர் என் முதுகுலயா இருக்கு? உனக்கு மூளை இருக்கிற இடத்துலயும் வயிறுதான் இருக்கு!"

"இவ்வளவு பேசுறியே, ஒழுங்காக் கறுப்புச் சிவப்புன்னு ரெண்டு டேப் சுத்தத் தெரியல? பெரிய மெக்கானிக்கு!"

தகரக் கூரை அதிர்ந்தது. கொட்டகை வாசலில் கேப்டனின் மனைவி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் கழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகத் திருப்பிச் சொடக்கு எடுத்தாள்.

"என்கிட்டயே சொல்லி அனுப்பியிருக்கலாம்" என்றாள். "திட்டுல பாதிக்குப் பாதி தள்ளுபடி போட்டுக் கொடுத்திருப்பேன்."